தூதும் வாயிலும்: நிரல்மொழிகளில் செய்தி விடுத்தல் பற்றிய தமிழ்க் கலைச்சொற்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

நிரல்மொழிகளில் ஒரு செயல் மற்றொரு செயலுக்குச் செய்தி விடுக்கும் முறையைத் தமிழில் ‘செய்திப் பரிமாற்றம்’ என்று வழங்குவது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எர்லாங் மொழியின் செய்திமுறை ஆய்வுப் பொருளாகக் கொள்ளப்படுகிறது. தொல்காப்பியம் முதல் தூதுப் பிரபந்தங்கள் வரையிலான தூது மரபின் சொற்களும், சங்கரன்கோவில் வட்டார வழக்குகள் சிலவும் அதற்கு உரைகல்லாகின்றன.

திறவுச்சொற்கள்: செய்தி விடுத்தல், எர்லாங், தூது, வாயில், அந்தாதி, எழில் நிரல்மொழி, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

இயங்கிக்கொண்டிருக்கும் நிரலைக் கணினியியலார் ‘பிராசஸ்’ என்பர். அது இக்கட்டுரையில் ‘செயல்’ எனப்படுகிறது. ஒரே நேரத்தில் பல செயல்கள் இயங்கும்போது அவை தம்முள் தொடர்புகொள்ளப் பெரும்பாலும் இரண்டு வழிகளே உள்ளன. நினைவகத்தின் ஒரே பகுதியை இரு செயல்களும் எழுதியும் படித்தும் பகிர்ந்துகொள்வது ஒன்று. ஒவ்வொரு செயலும் தன் நினைவகத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வேண்டுவதை மற்றதற்குச் சொல்லி விடுவது மற்றொன்று. முதல் வழியில், ஒரு செயல் எழுதும்போது மற்றது குறுக்கிடாதவாறு பூட்டுகள் போட வேண்டும். இரண்டாம் வழியில் பகிர்வே இல்லாததால் அவ்வகைப் பூட்டுக்குத் தேவை எழுவதில்லை.

இரண்டாம் வழிக்குத் தெளிவான கோட்பாட்டு வடிவம் தந்தவர்கள் 1973இல் ‘ஆக்டர்’ மாதிரியை முன்வைத்த கார்ல் ஹெவிட்டும் அவருடன் எழுதியோரும், 1978இல் தொடர்நிலைச் செயல்களின் உரையாடல் பற்றி எழுதிய டோனி ஹோரும் ஆவர். எரிக்சன் நிறுவனத்தின் ஆய்வகத்தில் 1986இல் ஜோ ஆம்ஸ்ட்ராங் தொடங்கி, ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் ஆகியோருடன் உருவாக்கிய எர்லாங், தொலைபேசி இணைப்பகங்களுக்காகப் பிறந்த மொழி. 1998இல் அது திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. இன்று வாட்ஸ்அப்பின் பின்புலத்தில் இயங்குவதும் அதுவே. 2009இல் அறிவிக்கப்பட்ட கோ மொழி ஹோரின் வழியைப் பின்பற்றியது.

இவ்வளவு பரவலாகப் பயன்படும் ஒரு கருத்துக்குத் தமிழில் உள்ள பெயர் சரியானதா என்பது சொல்லாராய்ச்சியோடு முடிந்துவிடும் கேள்வியன்று. தமிழக மேல்நிலைப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியும் தமிழ்வழியிலும் கற்பிக்கப்படுகின்றன. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இயங்குகிறது. சங்கரன்கோவில் போன்ற ஊரிலிருந்து தமிழ்வழியில் படித்துவிட்டு மென்பொருள் வேலைக்குச் செல்வது இன்று அரிய செய்தியன்று. அம்மாணவர் முதலில் சந்திக்கும் கலைச்சொல், கருத்தைத் திறந்து காட்டுகிறதா, மூடி மறைக்கிறதா என்பதே இங்கு எழும் வினா. எடுத்துக்காட்டுகள் சிலவற்றை இவ்வட்டாரத்திலிருந்தே எடுப்பதற்கும் அதுவே காரணம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. செய்தி விடுக்கும் முறையைத் தமிழர் அன்றே கண்டனர் என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அத்தகைய கட்டுரைகள் நம்மிடையே போதுமான அளவு உள்ளன. தூது மரபு, தொடர்பு என்னும் நிகழ்வைப் பல நூற்றாண்டுகளாகக் கூர்ந்து பகுத்த ஒரு சொல்வளம். அச்சொல்வளம் கணினிக் கருத்தோடு எங்கே பொருந்துகிறது, எங்கே பிசகுகிறது என்று பார்ப்பதே இங்கு நிகழ்வது. பிசகும் இடங்களே மிகுதியும் கற்பிக்கின்றன.

‘பரிமாற்றம்’ என்னும் சொல்லின் பிழை

தமிழ்க் கணினி எழுத்தில் பரவலாக வழங்குவது ‘செய்திப் பரிமாற்றம்’. பரிமாற்றம் என்றால் ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கி, பதிலுக்கு அவரும் ஒன்று கொடுப்பது. பண்டப் பரிமாற்றம், கருத்துப் பரிமாற்றம் ஆகிய தொடர்களில் இந்த இருவழித் தன்மை வெளிப்படை. எர்லாங் மொழியில் செய்தி விடுத்தலோ ஒருவழிப்பட்டது. விடுக்கும் செயல் பெறுநரின் அடையாளத்தையும் செய்தியையும் ஒரு வியப்புக்குறியால் இணைக்கிறது. அவ்வளவே. பெறுநர் பெற்றாரா என்று அது காத்திருப்பதில்லை. உடனே தன் அடுத்த வேலைக்குச் செல்கிறது. அந்தத் தொடரின் மதிப்பாக அதற்குக் கிடைப்பது, விடுத்த செய்தியே அன்றி ஒப்புகையன்று. பெறும் செயல் முன்பே இறந்துபோயிருந்தால் செய்தி ஓசையின்றி மறைந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் திரும்பி வராது.

‘பரிமாற்றம்’ என்று கற்ற மாணவர் பதிலை எதிர்பார்க்கிறார். இரு செயல்களை எழுதி, ஒவ்வொன்றும் மற்றதன் செய்தி வந்த பின்பே தன் செய்தியை விடுக்குமாறு அமைத்துவிடுகிறார். இரண்டும் வாய் திறவாமல் முடிவின்றிக் காத்திருக்கின்றன. நிரலில் இலக்கணப் பிழை இல்லை, கணினியிலும் பழுதில்லை. பிழை சொல்லில் தொடங்கியது.

தூது என்னும் சொல் இந்தப் பிழைக்கு இடந்தராது. தூதுப் பிரபந்தங்களின் அமைப்பை நோக்குக. உமாபதி சிவத்தின் நெஞ்சுவிடு தூது முதற்கொண்டு, தமிழ்விடு தூது, அழகர் கிள்ளைவிடு தூது எனக் கலிவெண்பாவில் அமைந்த இந்நூல்களில், விடுப்போரின் நிலையும், தூதின் சிறப்பும், செல்லும் இடமும், பெறுநரின் பெருமையும் நூற்றுக்கணக்கான அடிகளில் விரிகின்றன. பிற தூதுப்பொருள்களை ஏன் விடுக்கவில்லை என்று காரணம் கூறும் பகுதிகளும் உண்டு. ஆனால் தூது சென்று சேர்ந்ததா, பெறுநர் என்ன சொன்னார் என்பது கூறப்படுவதில்லை. விடுக்கும் கணத்தோடு நூல் நின்றுவிடுகிறது. தூது இலக்கியம் என்பது முழுமையும் விடுப்போரின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட இலக்கியம். இதனை அவ்வகைமையின் குறையாகக் கூறும் திறனாய்வாளர் உளர். தொடர்பின் இயல்பைப் பற்றிய அதன் நேர்மையாகவே இக்கட்டுரையாளருக்கு அது படுகிறது. விடுப்போருக்குத் தெரிவது விடுத்தது மட்டுமே.

‘விடு’ என்னும் வினையும் இங்குக் கருதத்தக்கது. கிள்ளைவிடு தூது, விறலிவிடு தூது என்பவற்றில் விடுத்தல் என்பது அனுப்புதலும் ஆகும்; பிடியை நழுவ விடுதலும் ஆகும். அனுப்பிய பின் செய்தியின் மேல் அனுப்பியவருக்கு ஆட்சியில்லை. ஆகவே ‘செய்திப் பரிமாற்றம்’ என்பதனினும் ‘செய்தி விடுத்தல்’ என்பதே கருத்துக்கு அணுக்கமானது.

மாலையும் அடையாளமும்

தூது நூல்களின் முடிவில், பெறுநரிடம் மாலை வாங்கி வருமாறு வேண்டுவது மரபு. கணினியியலின் நோக்கில் இது ஒப்புகைக் கோரிக்கை. எர்லாங்கிலும், பதில் தேவைப்படும்போது அதற்கெனத் தனியே ஏற்பாடு செய்ய வேண்டும். வினவும் செயல் இதுவரை வழங்காத ஓர் அடையாளத்தைப் புதிதாக உருவாக்கி, தன் வினாவோடு சேர்த்து விடுக்கிறது. பதில் விடுக்கும் செயல் அதே அடையாளத்தைத் திருப்பி இணைக்கிறது. வந்த பதில் எந்த வினாவுக்குரியது என்பது அதனால் தெரிகிறது.

இங்கே ஒப்புமை பிசகுகிறது. மாலை, கொடுத்தவர் யார் என்பதைக் காட்டும். கொன்றையானால் சிவன், துளசியானால் திருமால். எர்லாங்கின் அடையாளமோ வினவியவர் உருவாக்கியது. எந்த வினா என்பதைக் காட்டுவது. மாலை பெறுநரின் கையொப்பம் என்றால், இது வினவியவர் போட்ட முடிச்சு. மாணவருக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லிவிட்டால், ஒரு செயல் பத்து வினாக்களை விடுத்து, பதில்கள் முன்பின்னாக வந்தாலும் குழம்பாமல் இருப்பது எவ்வாறு என்பது விளங்கிவிடும். ‘பதில்’ என்னும் ஒற்றைச் சொல் இதனை விளக்காது.

வாயில் நேர்தல், வாயில் மறுத்தல்

தொல்காப்பியக் கற்பியல் பன்னிரு வாயில்களைக் கூறுகிறது. தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் எனத் தொடங்கும் அப்பட்டியலில் கண்டோரும் அடங்குவர். வாயில் என்னும் சொல் கதவிடத்தையும் குறிக்கும். இடைநின்று செய்தி உய்ப்பவரையும் குறிக்கும். கோ மொழியின் ‘சேனல்’ என்பதற்குத் தமிழில் ‘தடம்’, ‘அலைவரிசை’ எனப் பல சொற்கள் முயலப்படுகின்றன. அலைவரிசை தொலைக்காட்சியை நினைவூட்டுகிறது. தடம் சென்ற சுவட்டையும் உணர்த்துகிறது. வாயில் இவ்விரண்டினும் ஏற்றது. ஆயின் கணினித் துறையில் ‘நுழைவாயில்’ வேறொரு பொருளில் முன்பே நிலைபெற்றுவிட்டதால், குழப்பத்துக்கு இடமுண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை.

அகமரபில் வாயில் வந்து நின்றாலே செய்தி ஏற்கப்பட்டதாகாது. பரத்தையிற் பிரிந்த தலைவனுக்காகப் பாணன் வந்து நிற்கிறான். தலைவியோ தோழியோ வாயில் நேரலாம், வாயில் மறுக்கலாம். தொடர்பின் அதிகாரத்தில் ஒரு பாதி பெறுநரிடம் உள்ளது என்பதை இவ்விரு துறைகளும் உணர்த்துகின்றன. எர்லாங்கின் பெறுதல் கட்டளையும் இத்தகையதே. வந்த செய்திகள் பெறுநரின் அஞ்சற்பெட்டியில் வந்த முறையில் நிற்கின்றன. பெறும் செயல் தான் எதிர்பார்க்கும் வடிவங்களைக் கூறுகிறது. அவ்வடிவத்துக்கு ஒத்த முதற்செய்தி எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஒவ்வாத செய்தி என்னாகிறது? அது மறுக்கப்படுவதில்லை, அனுப்பியவருக்குத் திரும்புவதுமில்லை, பெட்டியிலேயே கிடக்கிறது. நேரவும் இல்லை, மறுக்கவும் இல்லை, பாணன் திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறான். அடுத்த முறை பெறும்போது கணினி அவனை மீண்டும் ஒருமுறை பார்த்துக் கடந்துசெல்ல வேண்டியிருக்கிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கானோர் திண்ணையில் சேர்ந்துவிட்டால் செயல் தளர்ந்து, இறுதியில் நினைவகமே நிரம்பலாம். ஆகவே, எதிர்பாராத எதனையும் எடுத்துப் போக்கிவிடும் ஒரு கிளையைப் பெறுதல் கட்டளையின் இறுதியில் எழுதும் வழக்கம் உண்டு. அதுவே உண்மையான வாயில் மறுத்தல். இரு துறைப்பெயர்களுக்கும் இடையே, மரபு பெயரிடாத மூன்றாம் நிலை ஒன்று கணினியில் இருப்பதை இந்த ஒப்பீடு காட்டித் தருகிறது.

திருக்குறளின் தூது அதிகாரத்துக்கு முகவுரை கூறும் பரிமேலழகர் தூதரைத் தான் வகுத்துக் கூறுவார், கூறியது கூறுவார் என இருவகைப்படுத்துவதும் ஈண்டுப் பயன்படும். எண்ணையோ சொல்லையோ செய்தியாக விடுப்பது இரண்டாம் வகை. எர்லாங்கில் ஒரு செயற்கூற்றையே செய்தியாக விடுக்கலாம். அது பெறுநரிடம் சென்று அங்குள்ள நிலைக்கேற்ப இயங்கும். அது முதல் வகையின் சாயல் உடையது.

அந்தாதித் தொடர்பு

ஹோர் 1978இல் கூறிய முறை தூதன்று. அங்கே விடுப்பவரும் பெறுபவரும் ஒரே கணத்தில் சந்திக்க வேண்டும். ஒருவர் முந்தி வந்தால் மற்றவர் வரும்வரை நிற்பார். இடையில் செய்தி தங்கும் இடம் எதுவும் இல்லை. கோ மொழியின் இடையகமற்ற வாயிலும் இவ்வாறே இயங்குகிறது. இதற்கும் எர்லாங்கின் முறைக்கும் உள்ள வேறுபாட்டை ‘ஒத்திசைவு’, ‘ஒத்திசைவின்மை’ என்னும் சொற்களால் விளக்குவது வழக்கம். இசையையும் இணக்கத்தையும் நினைவூட்டும் இச்சொற்கள், ஒன்று நல்லது மற்றது குறையுடையது என்னும் எண்ணத்தை மாணவரிடம் விதைக்கின்றன. உண்மையில் இரண்டும் இருவேறு தேவைகளுக்கானவை.

இவ்வட்டாரத்து மாணவருக்கு அணுக்கமான வேறொரு வடிவம் அந்தாதி. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்தால் அறியப்பட்டவர். சங்கரன்கோயில் திரிபந்தாதியும் அவர் இயற்றியதே. அந்தாதியில் ஒரு செய்யுளின் ஈறே அடுத்ததன் முதலாகிறது. கொடுத்தலும் கொள்ளலும் ஒரே சொல்லில் நிகழ்கின்றன, இடைவெளி இல்லை. ஹோரின் சந்திப்புக்கு ‘அந்தாதித் தொடர்பு’ என்றும் எர்லாங்கின் முறைக்குத் ‘தூதுத் தொடர்பு’ என்றும் வகுப்பறையில் பெயரிட்டால், வேறுபாடு மதிப்பீடாக மாறாமல் வேறுபாடாகவே நிற்கும். திரிபந்தாதி இன்னொன்றையும் கற்பிக்கும். அடிகளின் முதலெழுத்து மட்டும் திரிந்து, ஏனைய எழுத்துகள் ஒன்றிவர, பிரிக்கும் இடம் மாறுவதால் பொருள் மாறுகிறது. அனுப்பியவர் பிரித்த இடத்தில் பெறுபவரும் பிரித்தாலன்றி, எழுத்துகள் பிழையின்றி வந்தும் பயனில்லை. வலையமைப்பு வழியே தரவை விடுக்கும் எவரும் எதிர்கொள்ளும் சிக்கல் இது.

பகிர்நினைவகத்துக்குச் சங்கரநாராயணர் திருவுருவத்தை எடுத்துக்காட்டலாமே என்று இவ்வூரில் எவரும் கேட்கக்கூடும். ஒரே மேனியை அரனும் அரியும் பகிர்வதால் பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் வலப்பாகம் ஒருவருக்கு, இடப்பாகம் மற்றவருக்கு. எல்லை தெளிவாகப் பிரிக்கப்பட்ட இடத்தில் பூட்டுக்கு என்ன வேலை? அது பகிர்ந்த நினைவகமன்று, பங்கிட்ட நினைவகம்.

‘திரெட்’ என்பதற்கு வழங்கும் ‘இழை’ நல்ல சொல். விசைத்தறிகள் ஓடும் இவ்வூரில் பாவு இழைகள் ஒரே தறியில் அருகருகே கிடப்பதையும், ஒன்று அறுந்தால் தறியையே நிறுத்திப் பிணைக்க வேண்டியிருப்பதையும் அறியாதார் இல்லை. ஒரே செயலுக்குள் நினைவகத்தைப் பகிரும் இழைகளின் இடரும் இதுவே. எர்லாங் செயல்களை ‘இழை’ என்று சிலர் எழுதுவது ஆகவே தவறு. அவை தனித்தனித் தறிகள். ஒன்று நின்றாலும் அடுத்தது ஓடும்.

கேதம் சொல்லுதல்

எர்லாங்கின் உண்மையான புதுமை செய்தியில் இல்லை, இறப்பில் உள்ளது. ஆம்ஸ்ட்ராங்கின் 2003ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வேடு, பிழைகள் இருந்தும் நம்பத்தக்க அமைப்புகளைக் கட்டுவது பற்றியது. பிழை நேர்ந்த செயல் தன்னைத் தானே திருத்த முயல வேண்டியதில்லை, இறந்துபோகட்டும். அதன் இறப்பு வேறொரு செயலுக்குத் தெரிந்தால் போதும். அது புதிய செயலைத் தொடங்கிக்கொள்ளும்.

இவ்வாறு இறப்பை அறியும் ஏற்பாடு ‘மானிட்டர்’ எனப்படுகிறது. அகராதி வழியில் இதனைக் ‘கண்காணிப்பு’ என மொழிபெயர்ப்பது எளிது. பொருள் வழியில் அது தவறு. இங்கே எவரும் எவரையும் கண்கொண்டு காணவில்லை. இன்னாருக்கு இறப்பு நேர்ந்தால் எனக்குச் சொல்லி விடுக என்று முன்கூட்டிப் பதிந்துவைப்பது மட்டுமே நடக்கிறது. நெல்லை வட்டாரத்தில் இதற்குப் பெயர் உண்டு. கேதம் சொல்லுதல் என்பது இறப்புச் செய்தியை உரியவர்க்கு ஆளனுப்பித் தெரிவிப்பது. யார் யாருக்குச் சொல்லியாக வேண்டும் என்பது உறவுமுறையால் முன்பே முடிவானது. கேதம் ஒருமுறையே சொல்லப்படும். எர்லாங்கின் இறப்புச் செய்தியும் பதிவு ஒன்றுக்கு ஒருமுறையே வரும். முன்பே இறந்துவிட்ட செயலின் மேல் இவ்வாறு பதிந்தால், பதிந்தவுடன் இறப்புச் செய்தி வந்துசேரும். கலைச்சொல்லாக ‘கேதம்’ என்பதை அவையில் முன்வைக்கத் தயங்குவோர் இருக்கலாம். அத்தயக்கத்துக்கு வட்டாரச் சொல் என்பதன்றி வேறு காரணம் இருப்பதாகத் தெரியவில்லை.

‘லிங்க்’ எனப்படும் பிணைப்பு வேறானது. ஒரு செயல் பிழையால் இறந்தால் பிணைந்த மற்றதும் இறக்கும், அது தடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்திருந்தாலன்றி. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததை அடுத்துப் பிசிராந்தையார் உயிர்நீத்ததை இங்கே நினைக்கலாம். சோழனுக்கு அன்னச்சேவலைத் தூது விடுப்பதாகப் பாடியவரும் அவரே என்பது தற்செயல். எனினும் வகுப்பறையில் பயன்படும் தற்செயல்.

இப்போது எர்லாங்கின் நூலகத்தில் உள்ள ‘கால்’ என்னும் அழைப்பை எடுத்துப் பிரித்தால், வெளிக்கு ஒரே கட்டளையாகத் தோன்றும் அதனுள் நான்கு கூறுகள் தெரிகின்றன. வினா தூதாக விடுக்கப்படுகிறது. பதிலை இனங்காட்டும் முடிச்சு உடன் செல்கிறது. பெறுநர் இடையில் இறந்தால் கேதம் வந்துசேரப் பதியப்படுகிறது. இவற்றுள் எதுவும் நிகழாவிடில் எவ்வளவு நேரம் பொறுப்பது என்னும் எல்லையும் உண்டு. வேறு கூறாவிடில் அது 5000 மில்லிநொடி. ‘செய்திப் பரிமாற்றம்’ என்னும் தொடர், இந்த நான்கையும் ஒன்றாக்கி, ஒருவழி விடுத்தலோடும் சேர்த்து ஒரே பெயரிட்டுவிடுகிறது.

எழிலும் ஏவல் வினையும்

முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில், தமிழ்க் கட்டளைச் சொற்களால் அமைந்த நிரல்மொழி. பைத்தான் மேல் இயங்குவது. அதன் சிறப்பு சொற்களில் மட்டும் இல்லை. நிபந்தனையை முன்னே எழுதி ‘ஆனால்’ என்பதைப் பின்னே வைத்ததன் மூலம் அது தமிழின் தொடரமைப்பை மதித்தது. ‘பின்கொடு’ என்பதோ பிறமொழிச் சொல்லின் நிழல். ‘பின்’ என்பது தமிழ்ச் செவிக்குப் பிறகு என்றே ஒலிக்கும். ஆனால் அதிலுள்ள ‘கொடு’ சரியானது. தருதலும் வருதலும் தன்மை, முன்னிலைகளுக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும் உரியன என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் வரையறை. செயற்கூறு தன் விடையைத் தன்னை அழைத்தவரிடம், அதாவது படர்க்கையிடம் சேர்ப்பதால் கொடுத்தலே பொருந்தும்.

எழிலின் கட்டளைச் சொற்களில் செயல்களுக்கிடையே செய்தி விடுப்பதற்கானவை இல்லை. கற்பிக்கும் மொழியாக அது தொடங்கியதால் அது குறையாகாது. ஆயின் அடுத்து எழுதப்படும் தமிழ் நிரல்மொழிக்கு மேற்கண்ட வரையறை நேரடியாக உதவும். எர்லாங்கில் பெறுநர், குறி, செய்தி என்பது வரிசை. தமிழில் நான்காம் வேற்றுமை பெறுநரைக் காட்டிவிடுவதால் குறியே வேண்டா: ‘கணக்கனுக்கு இதனை விடு’. பெறுவதற்கு ‘வரும்’ என்னும் வினை போதும். தன்னை நோக்கி வருவதாகலின் இடம் தானே விளங்கும். விடு, வரும் என்னும் இரண்டும் ஒரே செயலின் நிலையில் நின்று சொல்லப்படுகின்றன. செய்தி விடுக்கும் மொழிகளின் அடிப்படையும் இதுவே. அங்கே எல்லாவற்றையும் மேலிருந்து காணும் பார்வை எந்தச் செயலுக்கும் இல்லை.

‘டைம் அவுட்’ என்பதற்கு எழுதப்படும் ‘நேரமுடிவு’ ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறது, ஒப்பந்தத்தைச் சொல்லவில்லை. கடைவீதியில் எவருக்கும் தெரிந்த ‘தவணை’ என்னும் சொல் இரண்டையும் சொல்லும். தவணை 5000 என்று எழுதினால், பொறுக்கும் அளவு முன்னரே பேசி முடிக்கப்பட்டது என்பதும், அது கடந்தபின் அழைத்த செயலே இறந்துபோகக்கூடும் என்பதும் உடன் விளங்கும். தவணை தவறியபின் வந்துசேரும் பதிலுக்கு மட்டும் இன்னும் ஒரு பெயர் வேண்டும்.